மாத்திரைக்குப் பிறகு முக்கால் மணி நேரம்: நான் போகும் உடற்பயிற்சி வகுப்பைப் பற்றி

எனக்கு 41 வயது. திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் பதினேழு வருடமாக டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், இரங்கல் சுவரொட்டி எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கின்றன. கடந்த ஏழு மாதமாக ஓபியாய்டு (அபினைப் போல வேலை செய்யும் வலி மருந்து) மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சையில் இருக்கிறேன். அந்த மையத்தில் வாரம் மூன்று நாள் நடக்கும் உடற்பயிற்சி வகுப்பைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். சேர்வதற்கு முன், போய் வந்தவர்கள் யாராவது தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

மையத்தின் பெயரைப் போடவில்லை. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் வேறு ஏதோ காரணம் சொல்லிவிட்டு வருகிறார்கள். சென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இடம் என்பதோடு விடுகிறேன். பெயர் தெரியாவிட்டாலும், இப்படி ஒரு வகுப்பில் எதைப் பார்க்க வேண்டும், எது இருந்தால் நம்பலாம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

முதலில் என் கதை கொஞ்சம். அதைச் சொல்லாமல் வகுப்பு ஏன் எனக்கு ஒத்துவந்தது என்று சொல்ல முடியாது. மூன்று வருடத்துக்கு முன் பேப்பர் ரீம் ஒன்றைக் குனிந்து தூக்கும்போது இடுப்பில் சுளீரென்று பிடித்தது. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் விலகியிருப்பதாகச் சொன்னார்கள். வலிக்கு டாபென்டடால் என்ற ஓபியாய்டு மாத்திரை, 50 மி.கி., பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாளில் வலி பாதி குறைந்தது. ஆனால் மாத்திரை போட்ட பிறகு வரும் அந்தக் கதகதப்பு, கடன் கவலைகூட எட்ட நின்று பார்க்கும் அந்த நிலை, அதை விட எனக்கு மனம் வரவில்லை. சீட்டு கேட்காத கடை ஒன்று கிடைத்தது. பத்து நாள் மருந்தைப் பதினான்கு மாதம் போட்டேன். கடைசியில் ஒரு நாளைக்கு எத்தனை என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. போடாவிட்டால் கொட்டாவி, மூக்கு ஒழுகல், வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைச்சல். அந்தக் கட்டத்தில் மாத்திரை சுகத்துக்கு இல்லை, எழுந்து பல் தேய்ப்பதற்கே தேவைப்பட்டது.

வீட்டில் தெரிந்ததும் என் மைத்துனர் ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் சேர்த்தார். மாதம் 18,000 ரூபாய். அந்த இடத்தையும் நான் பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் அங்கே உடற்பயிற்சி என்ற பெயரில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையக் குடும்பங்கள் அதைத்தான் சிகிச்சை என்று நம்புகின்றன.

சேர்ந்த மூன்றாவது நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பினார்கள். மைதானத்தை இருபது சுற்று ஓட வேண்டும். முந்தின இரவு நான் ஒன்பது முறை கழிப்பறைக்குப் போயிருந்தேன். கால் இரண்டும் உளைச்சலில் துடித்துக்கொண்டிருந்தன. “வேர்வையில விஷமெல்லாம் இறங்கிடும், ஓடு” என்றார் அங்கிருந்தவர். நான்காவது சுற்றில் வாந்தி எடுத்தேன். நின்றதற்குத் தோப்புக்கரணம். மருந்து என்று எதுவும் கிடையாது, மன உறுதி வேண்டும் என்றார்கள். பழகிய உடம்பில் மருந்து நின்றதும் நரம்பு மண்டலம் எகிறிக் குதிப்பதுதான் அந்த நடுக்கமும் வயிற்றுப்போக்கும். வேர்த்து வெளியேற்ற அங்கே விஷம் எதுவும் இல்லை. ஏற்கெனவே வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய உடம்பை ஓடவிட்டால் ரத்த அழுத்தம் விழும், மயக்கம் வரும். அவ்வளவுதான் நடக்கும்.

மூன்று மாதம் கழித்து வெளியே வந்தேன். உடம்பு தேறியிருந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பத்தொன்பதாவது நாள் பழைய கடைக்குப் போனேன். பழைய அளவையே போட்டேன். அங்கேதான் தப்பு. மூன்று மாதத்துக்கு மேல் போடாததால் உடம்பின் தாங்கும் சக்தி போய்விட்டது, பழைய அளவு இப்போது மூச்சை நிறுத்தும் அளவு. இதை அந்த இடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. உதடு நீலமாகிக் கிடந்த என்னை என் மனைவிதான் பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரியில், ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நாலாக்ஸோன் ஊசி போட்டு மூச்சைத் திருப்பினார்கள். அங்கே பார்த்த மருத்துவர் சொல்லித்தான் இப்போதைய மையத்துக்கு வந்தேன்.

இங்கே வழி வேறு. புப்ரெனார்ஃபின் என்பது குடைச்சலையும் மன இழுப்பையும் அடக்கக் கொடுக்கும், ஓபியாய்டு வகையிலேயே சேர்ந்த சிகிச்சை மருந்து. புப்ரெனார்ஃபினும் நாலாக்ஸோனும் சேர்ந்த மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைப்பார்கள். முதல் சில வாரங்கள் தினமும் நேரில் போக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வரிசை. கரையும் வரை ஐந்து, பத்து நிமிடம் பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. பெஞ்சில் எட்டுப் பேர் வாயை மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். என்னைப் போல் மாத்திரையில் விழுந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெஞ்சில் ஆட்டோ ஓட்டுகிறவர், காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகும் தம்பி, பேங்கில் ரிட்டயர் ஆனவர் எல்லோரும் இருந்தார்கள். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், நாட்டில் ஏறத்தாழ 2.26 கோடிப் பேர் ஏதோ ஒரு வகை ஓபியாய்டைப் பயன்படுத்துகிறார்கள், அதில் 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படும் நிலை என்று இருக்கிறது. அந்த எண்ணைப் பின்னால் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பெஞ்சுதான்.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

திங்கள், புதன், வெள்ளி. முக்கால் மணி நேரம். கட்டணம் இல்லை, சிகிச்சையோடு சேர்ந்தது. கட்டாயமும் இல்லை. வராவிட்டால் மாத்திரை கிடையாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். நடத்துபவர் ஒரு பிசியோதெரபிஸ்ட், முப்பது வயதுக்குள் இருக்கும், எல்லோரும் மேடம் என்கிறோம். அவர் எங்களை வயதுக்கு ஏற்ப அண்ணா, ஐயா, தம்பி என்கிறார். முதல் நாள் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “அண்ணா, நைட்டு எவ்வளவு நேரம் தூங்கினீங்க?” இரண்டாவது, “காலையில வயிறு போச்சா?” உடற்பயிற்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். இந்த மருந்துகள் எல்லாமே மலச்சிக்கலைக் கொண்டுவருபவை, புப்ரெனார்ஃபினும் அப்படித்தான். வெட்கப்பட்டு யாரும் சொல்லாத விஷயம் அது. நடை ஆரம்பித்த மூன்றாவது வாரம் எனக்கு அந்தத் தொல்லை நன்றாகக் குறைந்தது. வேறு பலன் எதுவும் இல்லாமல் போயிருந்தாலும் இதற்காகவே நான் தொடர்ந்து போயிருப்பேன்.

அதற்கப்புறம் பிபியும் நாடியும் பார்த்தார். இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பிபி பார்க்கக் கைச்சட்டையைச் சுருட்ட வேண்டும். ஊசியில் ஏற்றியவர்களுக்கு முழங்கை மடிப்பில் தழும்பு வரிசையாக இருக்கும். காசிமேட்டுத் தம்பி மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பட்டன் மாட்டிக்கொண்டுதான் வருவான். மேடம் ஹாலின் மூலையில் ஒரு பழைய பெட்ஷீட்டைக் கயிற்றில் கட்டித் திரை போட்டிருக்கிறார். ஒவ்வொருவராக அதற்குப் பின்னால் போய்தான் பிபி. பயிற்சியின்போதும் யாரையும் சட்டையைச் சுருட்டச் சொல்வதில்லை. அந்தத் திரைக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகியிருக்காது. மாதம் 18,000 வாங்கிய இடத்தில் எங்களை மைதானத்தில் பனியனோடு நிற்க வைத்தார்கள்.

பிறகு இரண்டு அளவு எடுத்தார். கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பது ஒன்று. நான் 7. எனக்குப் பக்கத்தில் இருந்த ரிட்டயர் ஆன ஐயா 9. இன்னொன்று ஆறு நிமிட நடை. தாழ்வாரத்தில் 30 மீட்டருக்கு இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு வைத்து, அவரவர் வேகத்தில் போய்த் திரும்பி, ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்று பார்ப்பார்கள். எனக்கு 310 வந்தது. நடுவில் ஒருமுறை சுவரைப் பிடித்து நின்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டு, “நின்னீங்க, மறுபடி நடந்தீங்க, ரெண்டையும் எழுதிட்டேன்ணா” என்றார்.

வகுப்பின் முதல் இரண்டு வாரம் எனக்கு ஏழு நிமிட நடை மட்டும்தான். அப்புறம் பத்து. அப்புறம் பதினைந்து. வேகத்துக்கு அவர் வைத்த அளவு சுலபமானது. பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் வேகம் கூட்டு, பேச முடியாவிட்டால் குறை. நடைக்குப் பிறகு தரையில் பாய் போட்டு இடுப்புக்கான பயிற்சி: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கிப் பத்து எண்ணுவது, நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது. கடைசி ஐந்து நிமிடம் மூச்சு. படுத்தவர் சட்டென்று எழக்கூடாது, ஒருக்களித்து, உட்கார்ந்து, பிறகுதான் எழ வேண்டும். மாத்திரையில் இருப்பவர்களுக்கு எழும்போது தலை சுற்றும் என்பதால் இந்த விதியில் மட்டும் அவர் கறார்.

வலியைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பெரிய விஷயம். பல மாதம் வலி மாத்திரை போட்ட உடம்பு, வலியை முன்னைவிட அதிகமாக உணரும். மற்றவர்களுக்குச் சாதாரண உடம்புவலியாக இருப்பது எங்களுக்கு ஊசி குத்துவது போல இருக்கலாம். அதோடு நெடுநாள் ஓபியாய்டு ஆண்களுக்கு ஹார்மோனைக் குறைக்கும், அதனால் தசையும் தெம்பும் இறங்கும். “நீங்க சோம்பேறி இல்லண்ணா. உங்க உடம்புல வலி மணி கொஞ்சம் சத்தமா அடிக்குது. மெதுமெதுவா ஏத்தினா அதுவும் அடங்கும்” என்றார். சோம்பேறி என்ற சொல்லை நான் இரண்டு வருடமாக வீட்டிலும் வேலையிலும் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு 27டி பஸ்ஸில் வரும்போது அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வகுப்பின் நேரத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் காலை 6.45-க்கு, பக்கத்திலுள்ள மாநகராட்சி மைதானத்தில் வைத்திருந்தார்கள். நடைக்கு நல்ல நேரம்தான், ஆனால் எங்களுக்கு இல்லை. மாத்திரை ஒன்பது மணிக்கு. முந்தின நாள் மாத்திரையின் வலு அடங்கி, விடியற்காலை கொட்டாவியும் கால் உளைச்சலும் லேசாகத் தலைகாட்டும் நேரம் அது, குறிப்பாக அளவு இன்னும் சரிப்படாத முதல் மாதத்தில். அந்த நேரத்தில் ஓர் அடி எடுத்து வைப்பதே பாரம். பதினான்கு பேரில் நாலு பேர்தான் வந்தார்கள். ஆட்டோ ஓட்டும் அண்ணன்தான் கேட்டார், “மேடம், மாத்திரை வச்சப்புறம் வைங்களேன், எல்லாரும் வருவோம்.” மேடம் மருத்துவரிடம் பேசி 9.45-க்கு மாற்றினார். அடுத்த வாரமே பதினோரு பேர்.

ஆனால் ஏப்ரல், மே சென்னையில் பத்து மணி வெயில் என்ன என்று சொல்லத் தேவையில்லை. இந்த மருந்தில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே வேர்வை அதிகம். எனக்குத் தலையணை உறையை இரவில் இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். ஒருநாள் மைதானத்தில் ஐயாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது, நிழலில் படுக்க வைத்து ஓஆர்எஸ் கொடுத்தார்கள். அன்றைக்கே வகுப்பை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். முதல் மாடித் தாழ்வாரம், இரண்டு மின்விசிறி, ஒரு மண்பானைத் தண்ணீர், வாரத்தில் ஒருநாள் மோர். தாழ்வாரம் அகலம் போதாது, எதிரெதிராக வரும்போது தோள் இடிக்கும். இருந்தாலும் நோயாளி கேட்டு நேரம் மாறியது, நோயாளிக்கு ஆகவில்லை என்று இடம் மாறியது. ஒரு சேவையை எடைபோட எனக்கு இதைவிட நல்ல தராசு தெரியவில்லை.

புப்ரெனார்ஃபின் போலவே இந்தப் பழக்கத்துக்குக் கொடுக்கும் மெத்தடோன் என்ற மருந்தை எடுக்கும் ஒருவர் எங்கள் வகுப்பில் இருக்கிறார். அவரை ஈசிஜி எடுத்துப் பார்த்த பிறகுதான் வேகநடைக்கு விட்டார்கள். அந்த மருந்து சிலருக்கு இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும் என்பதால். நீங்கள் வேறெங்காவது சேர்ந்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குள் ஒரு சந்தேகம் வெகுநாள் இருந்தது. ஓடினால், நடந்தால் மூளையில் எண்டார்ஃபின் சுரக்கும், அதனால்தான் சந்தோஷம் வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எண்டார்ஃபின் உடம்பே தயாரிக்கும் ஓபியாய்டு. அது போய் உட்காரும் இடத்தில்தான் என் புப்ரெனார்ஃபின் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் நான் எவ்வளவு நடந்தாலும் எனக்கு அந்தச் சந்தோஷம் வராதா? மருத்துவரிடமே கேட்டேன். அவர் ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் செய்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். ஆரோக்கியமான 63 பேரில் சிலருக்கு நால்ட்ரெக்ஸோன், சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்து 45 நிமிடம் ஓட விட்டார்கள். நால்ட்ரெக்ஸோன் ஓபியாய்டு உட்காரும் இடத்தை அடைத்துவிடும். அடைத்த பிறகும் ஓட்டத்துக்குப் பின் வரும் மகிழ்ச்சி வந்தது, பதற்றமும் குறைந்தது. அப்படியென்றால் அந்தச் சந்தோஷத்துக்கு எண்டார்ஃபின் வழி மட்டும்தான் என்பது சரியில்லை, உடம்பில் வேறு வழியும் இருக்கிறது, எண்டோகன்னபினாய்டு என்ற வேறொரு பொருள் இதில் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்றார். “அது ஆரோக்கியமானவங்களை வச்சுப் பண்ணினது, உங்களை மாதிரி மருந்துல இருக்கிறவங்களை வச்சு இல்ல” என்று அவரே சேர்த்துச் சொன்னார். இருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கதவு முழுதாகப் பூட்டிக்கிடக்கவில்லை.

அதே மருத்துவர் இன்னொன்றையும் அழுத்திச் சொல்வார், வகுப்பின் சுவரிலும் அதை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: உடற்பயிற்சி மருந்தோடு சேர்த்து, மருந்துக்குப் பதிலாக இல்லை. புப்ரெனார்ஃபின், மெத்தடோன் இரண்டும் 2005-இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. இந்தச் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடைக்கு அப்படி ஒரு சக்தி இருப்பதாக யாரும் காட்டவில்லை. தூக்கம், மனநிலை, உடல் தெம்பு, எடை இவற்றுக்கு அது உதவும், அவ்வளவுதான். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் உறவினர் ஒருவர் நான் நன்றாக நடக்கிறேன் என்று தெரிந்ததும், “அப்புறம் எதுக்கு இன்னும் மாத்திரை? யோகா, வாக்கிங் போதுமே” என்று ஆரம்பித்தார். மாத்திரையை நானாக நிறுத்தினால் அந்தப் பத்தொன்பதாவது நாள் மறுபடி வரும். நான் அவரிடம் கோபப்படவில்லை. மைத்துனரையும் அவரையும் ஒருநாள் மையத்துக்குக் கூட்டிப்போய் மருத்துவர் எதிரில் உட்கார வைத்தேன்.

எனக்குக் கிடைத்தது என்ன? பன்னிரண்டாவது வாரம் மறுபடி அளந்தார்கள். நாற்காலி 14. ஆறு நிமிட நடை 465 மீட்டர், சுவரைப் பிடிக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்து விடியும் வரை கூரையைப் பார்த்துக்கிடப்பது போய், ஐந்தரை மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறேன். இதை நடை மட்டும் செய்தது என்று சொல்ல மாட்டேன், மாத்திரையின் அளவும் அந்தச் சமயத்தில்தான் சரியாக அமைந்தது. இடுப்பு வலி முழுதும் போகவில்லை. ஆனால் பிரிண்ட் போகும் நாளில் எட்டு மணி நேரம் உட்கார முடிகிறது, நடுவில் எழுந்து நடந்துகொண்டால். மனசு இழுக்கும் மாலை நேரம் இன்னும் இருக்கிறது, குறிப்பாகச் சம்பள நாளில். அப்போது பெல்ஸ் ரோடு வழியாக வராமல் பைகிராப்ட்ஸ் ரோடில் இறங்கி மெரினா பக்கம் போய்விடுகிறேன். மணலில் நடப்பது இடுப்புக்கு ஆகாது என்று மேடம் சொல்லியிருப்பதால், சர்வீஸ் ரோடு நடைபாதையிலேயே கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவேன். போகும்போது அந்த இழுப்பு என்னோடு வரும். திரும்பும்போது பெரும்பாலும் இருக்காது. சில நாள் இருக்கும், அன்றைக்கு கவுன்சலருக்குப் போன் செய்துவிடுவேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும், மையத்தில் இதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பெண்களுக்கு வகுப்பு இல்லை. சிகிச்சையில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், பெஞ்சில்கூட அவர்கள் எங்களோடு உட்காருவதில்லை, பின்வாசல் வழியாக வந்து போகிறார்கள். பதினோரு ஆண்கள் பாய் போட்டுப் படுக்கும் தாழ்வாரத்துக்கு அவர்கள் எப்படி வருவார்கள்? தனி நேரம் வேண்டும், செவ்வாய், வியாழன் தாழ்வாரம் சும்மாதான் கிடக்கிறது. வெட்கத்தையும் பழியையும் எங்களைவிட இரண்டு மடங்கு சுமப்பவர்கள் அவர்கள். இந்த வகுப்பின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

அடுத்தது வேலை. 9.45-க்கு வகுப்பு என்றால் 10.30-க்கு முடியும். எனக்கு முதலாளி நல்லவர், பதினொன்றுக்கு வரச் சொல்லிவிட்டார். கொத்தவால் பக்கம் மூட்டை தூக்கப் போகிறவருக்கும், ஸ்விக்கி ஓட்டுகிறவருக்கும் அது அரைநாள் கூலி. வேலை கிடைத்துத் தேறி வருகிறவர்கள்தான் வகுப்பை விட்டு முதலில் நிற்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை, இல்லாவிட்டால் ஞாயிறு காலை ஒன்று வைத்தால் அவர்களைப் பிடித்து வைக்கலாம்.

பாய்கள் போதாது. ஒன்பது பாய், பதினோரு பேர். மழைக்காலத்தில் தாழ்வாரத்தில் சாரல் அடித்துத் தரை வழுக்குகிறது, ஐப்பசியில் இரண்டு வகுப்பு ரத்தானது. சின்ன விஷயங்கள், சரிசெய்துவிடலாம்.

மேடம் விடுப்பில் போன இரண்டு வாரம் வேறொரு பயிற்சியாளர் வந்தார். ஜிம்மிலிருந்து வந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் முதல் நாளே ஸ்குவாட் ஐம்பது என்றார். முடியாதவர்களைப் பார்த்து, “என்ன பாஸ், இதுக்கே இப்படியா?” என்றார். அந்த வெள்ளிக்கிழமை ஐந்து பேர்தான் வந்தோம். காசிமேட்டுத் தம்பி வரவில்லை. மாத்திரைக்கும் சனிக்கிழமை வரவில்லை. நர்ஸ் அக்கா போன் செய்து, அப்புறம் கவுன்சலர் வீட்டுக்கே போய்த்தான் கூட்டிவந்தார். அவன் சறுக்கியதற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த வகுப்பு நாற்காலியிலும் பாயிலும் இல்லை, நடத்துகிறவரின் நாக்கில் இருக்கிறது என்பதை அந்த இரண்டு வாரம் எனக்குக் காட்டியது. மாற்று ஆள் வருவதற்கு முன் ஒரு நாளாவது மேடத்தோடு நின்று பார்க்க வேண்டும். எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

சேர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஷூ கட்டாயமில்லை, ஆனால் ரப்பர் செருப்போடு வேகநடை போகாதீர்கள், நான் 499 ரூபாய்க்கு ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கினேன், போதும். இட்லி இரண்டு சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். துண்டும் மாற்றுச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், நிச்சயம் வேர்க்கும். மருந்து நிறுத்தின முதல் நாட்களின் குடைச்சலில் இருந்தால் பயிற்சிக்கு அவசரப்படாதீர்கள், முதலில் மருத்துவர். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்று சொல்கிறது, அதைப் பார்த்து மலைக்க வேண்டாம், நான் அந்த எண்ணைத் தொட நாலு மாதம் ஆனது. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14446-க்குப் பேசுங்கள். போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் அது, கட்டணம் கிடையாது. நீங்கள் போகும் இடத்தில் உடற்பயிற்சி உண்டா என்று கேட்கும்போதே, கூடவே மருந்து உண்டா, பிபி பார்ப்பார்களா, முடியாவிட்டால் உட்கார விடுவார்களா என்பதையும் கேளுங்கள். ஓடாதவனுக்குத் தோப்புக்கரணம் என்றால் பணம் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு. பெண்களுக்கு வகுப்பு தொடங்கும் நாளில் மீதி ஒன்றையும் போடுவேன்.

மேடம் திரும்பி வந்த திங்கட்கிழமை தம்பியும் வந்திருந்தான். முழுக்கைச் சட்டை, பட்டன் மாட்டியபடி. யாரும் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. மேடம் திரைக்குப் பின்னால் பிபி பார்த்துவிட்டு, “தம்பி, இன்னைக்கு ஏழு நிமிஷம் போதும். அண்ணா கூட நடங்க” என்று என்னைக் காட்டினார். கூம்புக்குக் கூம்பு நடந்தோம். மூன்றாவது சுற்றில் அவனுக்கு மூச்சு வாங்கியது, நான் வேகத்தைக் குறைத்தேன். பேச முடிகிறதா என்று பார்ப்பதற்காக, கடலில் இப்போது என்ன மீன் கிடைக்கிறது என்று கேட்டேன். வஞ்சிரம் விலை ஏறிவிட்டது, காரப்பொடிதான் நிறைய வருகிறது என்று ஆரம்பித்து, ஏழு நிமிடம் முடியும் வரை மீனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.